பிள்ளைகளின் கையில் சிலம்பம்: நாம் எதை எதிர்பார்க்கிறோம்?

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம், கூடலூர் வரை மாலை வேளையில் பயணம் செய்கிறவர்கள் அண்மை ஆண்டுகளில் ஒரு மாற்றத்தைக் கவனித்திருக்கலாம். பள்ளிக்கூட மைதானங்களிலும், தென்னந்தோப்பு ஓரங்களிலும், முல்லைப் பெரியாற்றை ஒட்டிய வெற்றிடங்களிலும் சிறுவர் சிறுமியர் வரிசையாக நின்று கம்பு சுற்றுகின்றனர். கராத்தே வகுப்புகளின் பலகைகள் முன்பே இருந்தன. இப்போது சிலம்பமும் வந்து சேர்ந்திருக்கிறது. நம் சமுதாயப் பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். மக்தப் முடிந்து தொப்பியைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டு நேரே மைதானத்துக்கு ஓடும் பிள்ளைகளை நாம் அன்றாடம் காண்கிறோம்.

அவர்களின் வீடுகளிலிருந்து இரண்டு குரல்கள் நம்மிடம் வருகின்றன. ‘கம்பு பிடித்தால் சண்டியராகிவிடுவானோ, ஹஜ்ரத்?’ என்பது தாய்மார்களின் குரல். ‘நாலு பேர் வந்தாலும் சமாளிக்க வேண்டும், ஹஜ்ரத், யாரும் இவனைத் தொடக் கூடாது’ என்பது அத்தாமார்களின் குரல். ஒன்று அச்சம், மற்றொன்று ஆசை. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: கலை தானாகவே பிள்ளையை ஏதோ ஒன்றாக ஆக்கிவிடும் என்பது. வகுப்பு நடத்துவோரும் துண்டறிக்கையில் ‘ஒழுக்கம், தன்னம்பிக்கை, நற்பண்பு’ என்று வரிசையாக அச்சடித்துத் தருகிறார்கள்.

நம் கருத்து சற்று வேறானது. கம்பு தானாக எவரையும் நல்லவராக்குவதும் இல்லை, கெட்டவராக்குவதும் இல்லை. அடிக்கும் வலிமை வந்த பிறகு அந்தக் கை அடிக்காமல் நிற்கப் பழகுகிறதா என்பதே கேள்வி. அந்தப் பழக்கத்தை ஊட்டும் வாத்தியாரும் வீடும் வாய்த்தால் தற்காப்புக் கலை பிள்ளையின் தர்பியத்துக்குப் பெருந்துணை. வாய்க்காவிட்டால் தாய்மார்களின் அச்சமே சரி.

இதை ஓர் ஆலிமின் உபதேசமாக மட்டும் கொள்ள வேண்டாம். 1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் மைக்கேல் டிரல்சன் என்ற ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். குற்றப் போக்குடையவர்கள் என்று கண்டறியப்பட்ட 13 முதல் 17 வயது வரையான 34 சிறுவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பழைய முறையில் டேக்வாண்டோ கற்பிக்கப்பட்டது: அமைதியாக அமர்தல், பெரியோருக்கு மரியாதை, பொறுமை, கலையின் நெறிகள் எல்லாம் பயிற்சியோடு சேர்த்தே. இன்னொரு குழுவுக்கு அதே டேக்வாண்டோ, ஆனால் சண்டைப் பயிற்சி மட்டும். மூன்றாம் குழு ஓட்டமும் கூடைப்பந்தும் விளையாடியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முதல் குழுவினரின் மூர்க்கம் தணிந்திருந்தது. இரண்டாம் குழுவினரின் மூர்க்கம் முன்னைவிடக் கூடியிருந்தது. உதையும் குத்தும் இரு குழுவுக்கும் பொதுவே. நெறியைக் கழித்துவிட்டுக் கற்பித்தவுடன் அதே கலை எதிர்த் திசையில் வேலை செய்திருக்கிறது.

நார்வே நாட்டில், பள்ளிகளில் எளிய பிள்ளைகளை வலியவர்கள் துன்புறுத்துவது பற்றி வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த டான் ஓல்வியஸ், இங்கர் எண்ட்ரெசன் என்பவருடன் இணைந்து 2005இல் வெளியிட்ட ஆய்வும் நம் அத்தாமார்கள் அறிய வேண்டியது. 11 முதல் 13 வயது வரையான 477 சிறுவர்களை இரண்டாண்டுகள் கவனித்தார்கள். குத்துச்சண்டை, மல்யுத்தம், எடைதூக்குதல், கீழை நாட்டுத் தற்காப்புக் கலைகள் ஆகியவற்றில் ஈடுபட்ட சிறுவர்களிடம் வன்முறையும் பிற தீய நடத்தைகளும் கூடியதாகவே அதில் தெரியவந்தது. தற்காப்புக் கலை நல்லொழுக்கத்தைத் தரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது என்பதற்கு இது போதும்.

சிலம்பத்துக்கு வருவோம். நல்ல வாத்தியாரிடம் போகும் பிள்ளைக்கு முதல் நாளே கம்பு கிடைப்பதில்லை. நிற்கவும் நகரவும் கற்க வேண்டும். காலடி வரிசை பழக வேண்டும். வாரக்கணக்கில் வெறுங்கையோடு முன்னும் பின்னும் அடியெடுத்து வைக்கும்போது பிள்ளைக்குச் சலித்துப்போகும். கைப்பேசியில் விரலைத் தள்ளிய கணமே அடுத்த காட்சி வந்துவிடும் காலத்தில் வளர்கிற பிள்ளை, ஒரே அடியை நூறு தடவை வைத்துப் பார்க்கிறது. இந்தச் சலிப்பைக் கடந்து வருவதே முதல் பாடம். பாதிப் பிள்ளைகள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்று வாத்தியார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பிறகு கம்பு வருகிறது. பிள்ளையின் புருவ உயரத்துக்கு அறுத்த மூங்கில் அல்லது பிரம்பு. அது முதலில் அடிப்பது பகைவனை அல்ல. தன் சொந்தக் கணுக்காலையும் முழங்கையையும்தான். அவசரப்பட்டால் அடி விழும். கோபத்தில் சுழற்றினால் கம்பு கையைவிட்டு நழுவும். மனத்தின் நிலை கம்பில் உடனே தெரிந்துவிடுவதால், உணர்ச்சிவசப்பட்டவன் நன்றாக ஆட முடியாது என்பதை யாரும் சொல்லாமலே உடல் கற்றுக்கொள்கிறது. வாள், சுருள்வாள், மான்கொம்பு முதலிய கூர்மையான கருவிகள் பல ஆண்டுப் பழக்கத்துக்குப் பின்னரே கைக்கு வரும். தகுதி வருமுன் கருவி வராது என்ற இந்த வரிசை, கல்வியில் நம் முன்னோர் பேணிய வரிசையை நமக்கு நினைவூட்டுகிறது.

எதிராளியுடன் ஆடும் கட்டத்தில்தான் கலையின் உள்ளிருப்பது வெளிப்படும். போட்டிச் சிலம்பத்தில் எதிராளியின் உடலில் கம்பு பட்டாலே புள்ளி. ஓங்கி அடித்து வீழ்த்த வேண்டியதில்லை. ஆக, பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியது அடியின் வேகத்தையும், அதே வேகத்தை உடலுக்கு அருகில் வந்ததும் இழுத்துப் பிடிக்கும் வித்தையையும். எதிரே நிற்பவனும் தன்னை அப்படியே நம்பி நிற்கிறான். ஆட்டம் தொடங்கும் முன் செய்யும் வணக்க முறைக்குச் சலாம் வரிசை என்று பெயர். நம் நாவில் நாள்தோறும் புழங்கும் சலாம் எனும் சொல் அந்த மைதானத்தில் ஒலிக்கிறது. சலாம் என்றால் சாந்தி. கம்போடு எதிரே நிற்பவனிடம் என்னால் உனக்குத் தீங்கில்லை என்று அறிவித்துவிட்டு ஆடுவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எது!

இந்த இடத்தில் நாம் மக்தபில் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரு வரலாறு இருக்கிறது. சூரா அல்கஸஸில் அல்லாஹ் மூஸா (அலை) அவர்களின் இளமையைச் சொல்கிறான். நகரத்தில் இருவர் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் தம் கூட்டத்தான், மற்றவன் எதிர்க் கூட்டத்தான். தம்மவன் உதவிக்கு அழைக்கிறான். மூஸா (அலை) அவர்கள் ஒரு குத்து விடுகிறார்கள், எதிராளி இறந்துபோகிறான். கொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. கையின் வலிமை எவ்வளவு என்பது அந்தக் கணத்தில்தான் தெரிகிறது. உடனே அவர்கள் இது ஷைத்தானின் செயல் என்று உணர்ந்து, தமக்குத் தாமே அநீதி செய்துகொண்டதாக இறைவனிடம் முறையிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள். ‘அவன் என் கூட்டத்தான், என்னை அழைத்தான்’ என்ற காரணத்தை அவர்கள் அல்லாஹ்விடம் முன்வைக்கவில்லை. அடுத்த நாள் அதே ஆள் வேறொருவனோடு சண்டை பிடித்துக்கொண்டு மீண்டும் உதவிக்கு அழைக்கிறான் என்பதையும் குர்ஆன் சொல்லத் தவறவில்லை. சண்டை இழுப்பவன் நம் கூட்டத்திலும் இருப்பான். பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி நிறுத்தினால் வகுப்பு அமைதியாகிவிடும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு நண்பன் இருக்கிறான்.

வரலாறு அங்கே முடியவில்லை. மூஸா (அலை) அவர்கள் ஊரைவிட்டு வெளியேறி மத்யனை அடைகிறார்கள். கிணற்றடியில் ஆட்டிடையர் கூட்டம். இரண்டு பெண்கள் தம் ஆடுகளைத் தடுத்தபடி ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்களுடைய தந்தை முதியவர். மூஸா (அலை) அவர்கள் அவர்களுக்காக நீர் இறைத்துத் தருகிறார்கள். பிறகு கூலி கேட்காமல், பேச்சு வளர்க்காமல், நிழலுக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பெண்களில் ஒருவர் பின்னர் தந்தையிடம், இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைக்கும்போது இரண்டு தகுதிகளைச் சொல்கிறார்: வலிமை உடையவர், நம்பிக்கைக்கு உரியவர். குத்து விட்டது எந்தக் கையோ அந்தக் கையே நீர் இறைக்கிறது. வலிமை குறையவில்லை, அதனோடு அமானத் சேர்ந்திருக்கிறது. தற்காப்புக் கலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் எதை எதிர்பார்க்க வேண்டும் என்று கேட்டால், இந்த இரண்டு சொற்களைத்தான் நாம் காட்டுவோம்.

பலசாலி யார் என்பதற்கு நபி (ஸல்) அவர்கள் தந்த விளக்கம் நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது: மல்லுக்கட்டி ஆளை வீழ்த்துபவன் அல்லன், கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே பலசாலி. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியிருக்கிறது. இதை வைத்து உடல் வலிமை தேவையற்றது என்று சிலர் முடிவுகட்டுவது தவறு. பலவீனமான முஃமினைவிட வலிமையான முஃமின் அல்லாஹ்வுக்கு அதிகம் விருப்பமானவர் என்றும், ஆயினும் இருவரிடத்திலும் நன்மை உண்டு என்றும் அவர்களே அறிவித்திருக்கிறார்கள். பெருநாள் ஒன்றில் மதீனாவின் பள்ளிவாசலிலேயே அபிசீனியர்கள் ஈட்டிகளைக் கொண்டு விளையாடினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருக்க, நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு மறைப்பாக நின்றார்கள். உமர் (ரலி) அவர்கள் கூழாங்கற்களை எடுத்து எறிந்து அந்த விளையாட்டை நிறுத்தப் பார்த்தபோது, விட்டுவிடும்படி சொன்னார்கள். ஆயுத விளையாட்டுக்குப் பள்ளிவாசலின் முற்றத்திலேயே இடம் கிடைத்திருக்கிறது.

இடையில் ஒரு திருத்தம். பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்றுக்கொடுங்கள் என்ற வாசகத்தை நபிமொழி என்று போட்டு வகுப்புத் துண்டறிக்கைகள் வருகின்றன. அது உமர் (ரலி) அவர்களின் கூற்றாகவே பரவலாக அறியப்பட்டது. மாணவர் சேர்க்கைக்காக நபி (ஸல்) அவர்களின் பெயரில் சேர்த்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. உறுதியான ஹதீஸ்களே போதுமான அளவு இருக்கின்றன.

முகத்தைப் பற்றிய ஹதீஸ் அவற்றுள் ஒன்று. சண்டையிட்டாலும் முகத்தில் அடிப்பதைத் தவிர்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். எந்தக் கலையைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு நம்மிடம் இருக்கும் தெளிவான அளவுகோல் இது. மக்காவில் உள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் மன்றம் 1987இல் இன்றைய குத்துச்சண்டையைக் கூடாது என்று தீர்ப்பளித்தது. எதிராளியின் உடலுக்குக் கேடு விளைவிப்பதே அதில் வெற்றி என்பதால் அந்தத் தீர்ப்பு. ‘அப்படியானால் முஹம்மது அலீ?’ என்று மாணவர்கள் கேட்பார்கள். 1980இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியும் ஆடிச் சென்றவர் அவர். பெரியவர்கள் இன்றும் அதை நினைவுகூர்கிறார்கள். அவருடைய குத்துகளுக்கு நாம் ஃபத்வா தேட வேண்டியதில்லை. 1967இல், 25 வயதில், வியட்நாம் போருக்கான படையில் சேர மறுத்தார். பட்டம் பறிபோயிற்று, உடலின் உச்ச வலிமைக் காலத்தில் மூன்றாண்டுகளுக்கு மேல் வளையத்துக்கு வெளியே நின்றார். உலகின் வலிமை மிக்க கை என்று பேர் வாங்கிய ஒருவர், தமக்குத் தீங்கு செய்யாதவர்கள் மீது அதை ஓங்க மாட்டேன் என்றார். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல அலீயிடம் அதுவே இருக்கிறது.

இன்றைய பதின்ம வயதினரின் கைப்பேசியில் இருப்பவர் அலீ அல்லர். தாகெஸ்தானின் கபீப் நூர்மகமதோவ். அவர் தொழுவதும், மதுவிளம்பரத்தை ஒதுக்கியதும், தந்தையைப் போற்றியதும் நம் இளைஞர்களைக் கவர்ந்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் பகிரும் காணொளிகளில் அதிகம் ஓடுவது 2018 அக்டோபரில் லாஸ் வேகாஸில் வென்றதும் கூண்டு வேலியைத் தாண்டிக் குதித்து எதிர்த்தரப்பினர் மீது பாய்ந்த காட்சி. எதிராளி பல மாதங்களாக அவருடைய மார்க்கத்தையும் நாட்டையும் தந்தையையும் இழித்துப் பேசியிருந்தார் என்பது உண்மை. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் பகிர்வதில்லை. அன்றிரவே கபீப் செய்தியாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார். வீட்டுக்குப் போனால் தந்தையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். பின்னர் ஒன்பது மாதத் தடையும் 5 லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. உலக வாகையாளர் ஒருவர் வென்ற இரவிலேயே தந்தையின் கண்டிப்பை எண்ணித் தலைகுனிந்திருக்கிறார். இந்தப் பகுதியையும் சேர்த்துப் பாருங்கள் என்று நாம் சொன்னபோது, அப்படி ஒன்று நடந்ததே எந்த மாணவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

நம் பள்ளத்தாக்கில் பெரும்பான்மையான முஸ்லிம் குடும்பங்கள் ராவுத்தர் குடும்பங்கள். ராவுத்தர் என்ற பெயர் குதிரை வீரர்களைக் குறித்தது என்பதை மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம். குதிரை போய்ப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. பாட்டனார் குதிரையில் வந்தார் என்று சொல்லித்தரப்பட்ட பிள்ளை, பள்ளிக்கூட வாசலில் சாதிப் பெருமை பேசும் பிள்ளையிடமிருந்து எவ்விதத்திலும் வேறுபடுவதில்லை. 1956இல் உத்தமபாளையத்தில் கருத்த ராவுத்தர் பெயரால் ஹவுதியா கல்லூரி எழுந்தபோது அந்தப் பெயருக்கு வேறொரு வீரம் கிடைத்தது. சிலம்ப வகுப்பைப் ‘பரம்பரை வீரத்தை மீட்கும்’ முயற்சியாக விளம்பரப்படுத்துகிறவர்களிடம் நமக்கு உடன்பாடில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நம் ஜமாஅத்துகள் தயங்குகின்றன. தயக்கத்தின் காரணங்கள் ஆடை, கலப்பு, மேடைக் காட்சி ஆகியவை. இவற்றுள் எதுவும் கலையின் குற்றமன்று, ஏற்பாட்டின் குற்றம். உடல் முழுதும் மூடிய உடையில் ஆட முடியும் என்ற காரணத்தாலேயே வாள்சண்டையைத் தேர்ந்தெடுத்த இப்திஹாஜ் முஹம்மத், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபுடன் களமிறங்கி அமெரிக்க அணியோடு வெண்கலம் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து முதன்முதலாக வாள்சண்டைக்குத் தகுதிபெற்ற சென்னைப் பெண் பவானி தேவி, தொடக்கத்தில் வாளுக்கு வழியின்றி மூங்கில் குச்சியில் பழகியவர். தனி நேரம், தனி இடம், பெண் பயிற்சியாளர் என்று அமைத்துக்கொடுத்தால் நம் மகள்களும் பழகலாம். பேருந்து நிறுத்தத்தில் நிமிர்ந்து நிற்கவும், வேண்டாம் என்பதை உரத்துச் சொல்லவும் ஒரு பெண்பிள்ளைக்குத் துணிவு வருவது ஹயாவுக்கு முரணானதன்று.

அகீதா பற்றிய கேள்விகளும் வரும். சில மைதானங்களில் பூமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கமும், வாத்தியாரின் காலைத் தொடும் வழக்கமும், கருவிகளுக்குப் பூசை போடும் வழக்கமும் உண்டு. கராத்தேயில் குனிந்து வணங்குவார்கள். ஸுஜூதும் ருகூவும் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியவை. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் அதை எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டி, எல்லோர் முன்னிலையிலும் ‘நான் செய்ய மாட்டேன்’ என்று நிற்கவைப்பது கொடுமை. சேர்க்கும் நாளில் அத்தா நேரில் போய் வாத்தியாரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்ல வேண்டும். நெஞ்சில் கைவைத்துச் சலாம் சொல்வான், உங்களுக்குரிய மரியாதையில் குறைவைக்க மாட்டான் என்று சொன்னால், நாம் அறிந்தவரை வாத்தியார்கள் முகம் சுளித்ததில்லை. அரைக்கால் சட்டைக்குப் பதிலாக முழுக்கால் உடை என்பதும் அப்படியே.

பதக்கமும் சான்றிதழும் நிய்யத்தைக் கெடுப்பதையும் சொல்ல வேண்டும். தமிழக அரசு விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்ததும், 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதும் மகிழ்ச்சிக்குரியவை. அதன் நிழலில், ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் சுற்றிச் ‘சாதனைச் சான்று’ வாங்கும் வணிகமும் வளர்ந்திருக்கிறது. காலடி வரிசையே ஒழுங்காக வராத பிள்ளையின் கழுத்தில் தட்டு அளவுக்குப் பதக்கம் தொங்குகிறது. பொய்ப் பெருமைக்கு ஆறு வயதிலேயே பழக்கிவிட்டுப் பண்பு வளர்கிறது என்று எப்படிச் சொல்வது?

இனி நம் சொந்த வீட்டுப் பக்கம். மைதானத்தில் வாத்தியாரின் கையில் கம்பு இருக்கிறது. சில மக்தபுகளில் உஸ்தாதின் கையில் இன்னும் பிரம்பு இருக்கிறது. மைதானத்தில் பிள்ளை கற்பது, வலிமை உள்ளவன் கையை இழுத்துப் பிடிப்பான் என்பதை. அங்கிருந்து வந்து மக்தபில் அவன் காண்பது, வலிமை உள்ளவன் எதிர்த்து அடிக்க முடியாதவனை அடிப்பான் என்பதை. இந்த இரண்டாம் பாடம் முதல் பாடத்தை அழித்துவிடும். நபி (ஸல்) அவர்கள் அறப்போரைத் தவிர வேறெங்கும் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் தம் கையால் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பத்தாண்டுகள் பணிவிடை செய்த சிறுவர் அனஸ் (ரலி) அவர்களை ஒருமுறைகூடச் ‘சீ’ என்று கடிந்ததில்லை. பள்ளிப் பிள்ளைகளை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. அந்தச் சட்டம் மத்ரஸாவுக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேட்பதற்கு முன், நமக்குப் பொருந்தும் ஸுன்னா எது என்று பார்த்தால் போதும். பிரம்பு பிடிக்கும் உஸ்தாதும், கோபத்தில் பிள்ளையைக் கைநீட்டும் அத்தாவும், பிள்ளையைத் தற்காப்புக் கலைக்கு அனுப்பிப் பண்பு வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

கடைசியாக, நம் காலத்துக்குரிய ஒரு பேச்சு. நாட்டில் நிலைமை சரியில்லை, ஆகவே நம் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக ஒரு பயிற்சி வேண்டும் என்று சிலர் தனிப்பட்ட முறையில் சொல்கிறார்கள். அச்சத்தை நாம் பரிகசிக்கவில்லை. செய்திகளைப் படிக்கும் எவருக்கும் அது வரும். எனினும் அந்த ஏற்பாடு வேண்டாம் என்பதே நம் உறுதியான கருத்து. அச்சத்தில் தொடங்கும் வகுப்பில் பிள்ளை கற்பது எதிரி யார் என்பதை மட்டுமே. மத்யனின் கிணற்றடிக்கு அந்தப் பிள்ளை வந்து சேர்வதே இல்லை. மூஸா (அலை) அவர்கள் அங்கே நீர் இறைத்துக் கொடுத்தது அந்நியருக்கு. நம் பள்ளத்தாக்கில் சிலம்ப வாத்தியார்கள் பெரும்பாலும் பிற சமயச் சகோதரர்கள். ஒரே மைதானத்தில், பக்கத்துத் தெருப் பிள்ளையை எதிரே நிறுத்திச் சலாம் வரிசை எடுத்து, அவன் கம்பு தன் தோளருகே வந்து நிற்கும் என்று நம்பி ஆடுகிற பிள்ளைக்கு எந்த நல்லிணக்க மாநாடும் தேவைப்படாது.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். ஹனஃபி நேரப்படி அஸர் ஜமாஅத் முடிந்து மஃரிப் பாங்கு வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது. கஞ்சா வழக்குச் செய்திகளில் கம்பத்தின் பெயர் அடிக்கடி அடிபடும் இந்நாளில், பதின்ம வயதுப் பையன் யார் கண்ணிலும் படாமல் சுற்றும் நேரமும் அதுவே. பள்ளிவாசல்களுக்குச் சொந்தமான வெற்றிடங்கள் அந்நேரம் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்துக்கு மூன்று நாள் திறந்துவிட்டு, ஊரில் நல்ல பெயர் எடுத்த வாத்தியாரை அழைத்து, தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். மூங்கில் கம்புக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வாத்தியாரின் ஊதியத்தை மட்டும் ஜமாஅத் மாதந்தோறும் தவறாமல் கொடுக்க வேண்டும். ஆண்டு விழா மேடை, ஒலிபெருக்கி, பதக்கம் எதுவும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வேண்டாம். ரமளானில் நேரத்தைத் தராவீஹுக்குப் பின் மாற்றுவதா, ஒரு மாதம் விடுமுறை விடுவதா என்பதை வாத்தியாரிடமே கேட்டுக்கொள்ளலாம்.